ஒரு முழம் பூ

திரையில் ஒரு கைக்குழந்தை சாகப்போகிறது என்றால் அடுத்து வருவதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மழை பிடிக்கும். அரிக்கேன் விளக்கு படபடத்து அணையும். தாய் வாயைத் திறப்பாள், சத்தத்தை எடுத்துவிட்டு வயலினை ஏற்றுவார்கள். காலித் தொட்டில் காற்றில் தானாக ஆடும். இருட்டு. ‘ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று எழுத்து வரும். பழைய காலத்துப் படமாக இருந்தால் கூடவே ஒரு குதிரை வண்டி போகும். தியேட்டரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும்தான், இல்லை என்று சொல்ல வரவில்லை. வயலினுக்கு அந்தச் சக்தி உண்டு. ஆனால் அந்த இருட்டுத் துண்டு எப்போதும் உறுத்துகிறது. ஐந்து ஆண்டுகளை அதற்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். ஐந்து ஆண்டுகூட வேண்டாம், முதல் ஐந்து நாள்? அதை யாரும் எடுப்பதில்லை.

மும்பையில் பழைய காலத்தை எழுப்புவது பெரிய காரியமில்லை. கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் சால் எனப்படும் பழைய ஒற்றை அறை வரிசை வீடுகளைச் செட் போடத் தெரிந்த தச்சர்கள் இருக்கிறார்கள். பித்தளைச் செம்பு, எனாமல் பலகை, சாவி கொடுக்கும் கடிகாரம் என்று கேட்டதெல்லாம் சோர் பஜாரில் கிடைக்கும். நாணயத்தில் எந்த ராஜாவின் தலை இருக்க வேண்டும் என்று கலை இயக்குநரின் உதவியாளர் இரவெல்லாம் தேடுவார். இத்தனை கவனமும் குழந்தை இறந்த நிமிஷத்தோடு நின்றுபோகிறது. அதற்குப் பிறகு அந்த அறையில் என்ன பொருள் எங்கே இருந்தது, யார் எதை எடுத்தார்கள், அந்தத் தாயின் உடம்பில் என்ன நடந்தது என்பதற்குப் படத்தில் ஆராய்ச்சி செய்ய ஆளில்லை.

கழுத்து நிற்காத பிள்ளை

முதலில் குழந்தை. ‘இப்போதுதான் பிறந்தது’ என்று திரையில் காட்டப்படும் குழந்தைக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். காரணம் உண்டு. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், தாய்ப்பால், தடுப்பூசி மாதிரியான விழிப்புணர்வுப் படங்கள் நீங்கலாக, மூன்று மாதத்துக்குக் குறைந்த சிசுவைப் படப்பிடிப்புக்குக் கொண்டுவராதே என்கிறது. 2017இல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். எல்லாம் நியாயமான விதிகள், மீறக் கூடாதவை. விளைவு ஒன்றுதான்: பிரசவ அறையில் மருத்துவச்சி தூக்கிக் காட்டும் ‘பச்சை உடம்பு’ கழுத்தை நிமிர்த்தி லைட்டைப் பார்க்கும். பிள்ளை பெற்ற பெண்கள் அந்த இடத்தில் சிரித்துவிடுகிறார்கள்.

வழி பொம்மைதான். அதிலும் ஒரு தப்பு தொடர்ந்து நடக்கிறது. கடையில் வாங்கும் பொம்மை ஒரு கிலோகூட இருக்காது. நம் ஊர்ச் சிசுவின் எடை சராசரியாக 2.8 கிலோ. எடையில்லாததைத் தூக்கினால் நடிகையின் முழங்கை மேலே மிதக்கும், தோள் இறங்காது, எவ்வளவு அழுதாலும் கை பொய் சொல்லும். பொம்மையின் உடம்பைப் பிரித்து, கழுவிக் காயவைத்த மணலைச் சின்னச் சின்னத் துணிப் பைகளில் கட்டி உள்ளே வைக்க வேண்டும். தலைக்கு மட்டும் 700 கிராம், ஏனென்றால் பிறந்த குழந்தையின் எடையில் கிட்டத்தட்டக் கால்பங்கு தலைதான். மீதியில் பெரும்பகுதி வயிறும் இடுப்பும், கைகால்களுக்குக் கொஞ்சம். கழுத்தை ரப்பரால் இறுக்கிவிடாமல் துணியால் தளர்வாக இணைத்துவிட்டால், தாங்காத நொடியில் தலை பின்னால் சாயும். அப்படிப்பட்ட பொம்மையை நடிகையிடம் நாலு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். சமையலறையில், போன் பேசும்போது, தூக்கிக்கொண்டே திரியட்டும். நாலாம் நாள் கை தானாகக் கழுத்துக்கடியில் போகும்.

அது எதற்கு? குழந்தை இறந்த பிறகும் அந்தக் கை கழுத்துக்கடியில்தான் போகும். தாங்க வேண்டிய தேவை முடிந்துவிட்டது என்று கைக்குத் தெரியாது. அந்த ஒரு ஷாட் கிடைத்தால் மழையைக் கேன்சல் செய்துவிடலாம், தண்ணீர் லாரிக் காசு மிச்சம்.

கொள்ளைநோய் எதற்கு?

பம்பாயை வைத்துப் பழைய காலத்து இழப்புக் கதை எழுதுபவர்கள் நேராகப் போய் நிற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று 1896, மாண்ட்வியில் டாக்டர் வியேகாஸ் பிளேக்கைக் கண்டுபிடித்த செப்டம்பர். இன்னொன்று 1918, இன்ஃப்ளூயன்ஸாவில் அக்டோபர் 6 அன்று ஒரே நாளில் நகரத்தில் 768 பேர் இறந்தது. இரண்டும் பெரிய சம்பவங்கள், கூட்டம் காட்டலாம், வண்டி நிறையப் பிணம் காட்டலாம். ஆனால் 1918 காய்ச்சல் அதிகமாக வாரிக்கொண்டு போனது இளம் வயதினரையும் கர்ப்பிணிகளையும். அது தாயில்லாப் பிள்ளைகளின் கதை. பிள்ளையில்லாத் தாயின் கதைக்கு அதை இழுப்பானேன்?

பிள்ளையில்லாத் தாயின் கதைக்குக் கொள்ளைநோயே வேண்டாம். 1921ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டுக் கணக்கில் அந்த ஆண்டு பம்பாய் நகரத்தில் ஆயிரம் பிறப்புக்கு 660க்கும் மேல் சிசு மரணம். ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு கைக்குழந்தையோடு திரும்பியவர்களின் பிரசவம் நகரப் பதிவில் ஏறாது, சாவு மட்டும் ஏறும். அதனால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாக நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு கழித்தாலும் மிச்சம் பயங்கரம்தான். ஓர் அறைக்குள் குடும்பங்கள், பொதுக் குழாய், வேலைக்குப் போகும்போது பிள்ளை தூங்கட்டும் என்று வாயில் வைத்த, அபின் கலந்த ‘பால கோலி’ உருண்டை. பரேலில் வாடியா பிரசவ மருத்துவமனை வந்தது 1926இல். பம்பாய் மகப்பேறு நலச் சட்டம் 1929இல். 1921இல் பெற்றவளுக்கு இரண்டும் இல்லை. அவள் இழந்தது செய்தியே அல்ல. பக்கத்துக் குடிசையிலும் போன மாதம் அதுதான் நடந்தது.

ஆகவே தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் கொட்டாரங்களில் வேலை பார்த்த குடும்பம் ஒன்று. சதுப்புக் கரையில் குடிசை, தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றம், தூரத்தில் ரயில். இங்கே ஒலிப்பதிவாளருக்கு ஒரு வார்த்தை: பம்பாயில் மின்சார ரயில் முதலில் ஓடியது 1925 பிப்ரவரி 3ஆம் தேதி, விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை. 1921இல் கேட்க வேண்டியது நீராவி எஞ்சின். லோக்கல் ரயிலின் அந்த விர்ர் சத்தத்தைப் போட்டால் படம் அங்கேயே நூற்றாண்டு தாண்டிவிடும்.

மூன்றாம் நாள்

குழந்தை பிறந்த இரண்டாம் நாள் இறந்ததாக வைத்துக்கொள்வோம். அதுவரை மார்பில் இருப்பது சீம்பால், சில சொட்டுகள். நஞ்சுக்கொடி வெளியேறியதும் பாலைப் பிடித்துவைத்திருந்த ஹார்மோன் சரிகிறது. அந்தக் கணத்திலிருந்து உடம்பு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. குடிக்க ஆள் இருக்கிறதா என்று அது விசாரிப்பதில்லை. இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள், பெரும்பாலும் மூன்றாம் நாள், பால் இறங்குகிறது.

சாவு முடிந்துவிட்டது. புதைத்தாயிற்று. வந்தவர்கள் போய்விட்டார்கள். அவள் ஒருவழியாகக் கண்ணயர்ந்து எழுந்தால் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. அக்குள்வரை நெறி கட்டி, கையைப் பக்கவாட்டில் இறக்க முடியவில்லை. கொஞ்சம் காய்ச்சல். மேலே பட்ட துணி உறுத்துகிறது. இதுதான் அந்த இருட்டுத் துண்டுக்குள் போட்டு மூடப்படுவது. இரண்டு ஆள் எழுதி மூன்று ஆள் திருத்திய திரைக்கதைகளில்கூட இது விடுபடுவதன் காரணம் எளிது. எழுதும் மேசையில் பிள்ளை பெற்றவள் இருப்பதில்லை.

இதைப் படமாக்கும் முறை. அவள் படுத்திருக்கிறாள். தட்டிக்கு அப்பால் இன்னொரு வீட்டுக் குழந்தை பசியில் அழுகிறது. தாராவியில் எப்போதும் ஏதோ ஒரு குழந்தை அழுதுகொண்டுதான் இருக்கும். எந்தக் குழந்தையின் அழுகைக்கும் பால் சுரந்துவிடும், சொந்தம் வேற்று என்று பார்க்காது. அவள் முகத்தில் எதுவும் வேண்டாம். முந்தானையில் ஒரு ரூபாய் வட்டம் அளவுக்கு ஈரம், அது விரிந்து உள்ளங்கை அளவாகிறது. அந்தக் காலத்தில் உழைக்கும் பெண்களில் பலருக்கு ரவிக்கை கிடையாது, ஈரம் சேலையில்தான் தெரிய வேண்டும். உடை பொறுப்பாளர்கள் மடிப்புக் கலையாத ரவிக்கையை மாட்டி இந்த ஷாட்டையே கெடுத்துவிடுவார்கள்.

வெறும் தண்ணீரைத் தெளித்தால் லைட் சூட்டில் சில நிமிஷத்தில் காய்ந்துவிடும், அடுத்த டேக்குக்குள் வட்டம் சுருங்கியிருக்கும். தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்தால் ஈரம் நிற்கும். கண்ணுக்குப் போட வாங்கிய கிளிசரினைத் துணிக்குப் போடுங்கள், இந்த ஒரு காட்சிக்காவது. மறுநாள் காட்சிக்கு அதே துணியில் உண்மையான பாலைத் தொட்டு உலரவிட வேண்டும். பால் காய்ந்த துணி விறைக்கும், ஓரத்தில் மஞ்சள் கோடு விழும். கிளிசரின் ஈரத்துக்கு அந்தக் கோடு வராது.

அடுத்து வருபவள் பக்கத்து வீட்டுக் கிழவி. இந்த மாதிரிக் கதையில் பக்கத்து வீட்டுக் கிழவிக்குத்தான் எல்லாம் தெரியும்.

“ஏளா, பேசாம படு. கைய வச்சுப் பிழிஞ்சிராத, இன்னும் ஊறும். பூ வச்சுக் கட்டிருவோம். நாலஞ்சு நாள்ல வத்திரும்.”

“பூவா அத்தே?”

மல்லிகைப்பூ. கோத்த சரத்தை மார்பின் மேல் சுற்றி வைத்து, துணியால் கட்டி, நாளுக்கொரு முறை புதுப்பூ மாற்றுவது நம் பக்கத்தில் பாட்டிகள் அறிந்த வைத்தியம். வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 60 பெண்களை வைத்து, குண்டுமல்லியையும் அதே வேலைக்குத் தரும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். 1988இல் முடிவு வெளியானது. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் இரண்டு குழுவிலும் குறைந்தது, மாத்திரைக் குழுவில் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் மார்பு கட்டிக்கொள்வது, பால் வருவது, வலி மாத்திரை கேட்பது என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இயக்குநர் செய்யப்போகும் தப்பையும் சொல்லிவிடலாம். உணர்ச்சி வேண்டும் என்று கிழவியைக் கொண்டு துணியை இறுக்கி முடிய வைப்பார், அவள் பல்லைக் கடிப்பாள். இறுக்கிக் கட்டினால் பால் தேங்கிச் சீழ் பிடிக்கலாம். விவரம் தெரிந்த கிழவி தாங்கும் அளவுக்கு மட்டும் கட்டுவாள், முடிச்சை முதுகில் போடாமல் பக்கவாட்டில் போடுவாள். முதுகு முடிச்சில் மல்லாந்து படுக்க முடியாதே.

கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் தலையில் ஏறிய அதே பூ. வாசம் ராத்திரியில்தான் தூக்கும், உடம்புச் சூட்டில் மொட்டு சீக்கிரம் வாய்விடும். நடுநிசியில் அந்தக் குடிசை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. புருஷன் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறான். வசனம் தேவைப்படாது.

கூலி

இதெல்லாம் துக்கத்தைச் சில்லறையாக்குகிறது, பெரிய சோகத்தின் நடுவே பூவும் துணியும் எதற்கு என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுக்கு இதே ஊரில் பிறந்த பதில் ஒன்று இருக்கிறது. 1913 மே 3ஆம் தேதி கிர்காவ் காரனேஷன் கொட்டகையில் தாதாசாகேப் பால்கே காட்டிய ‘ராஜா ஹரிச்சந்திரா’, இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் கதைதானே. தாயாக நடித்த அண்ணா சாளுங்கே ஓர் உணவு விடுதியின் சமையல்காரர், மகனாக நடித்தது பால்கேயின் சொந்த மகன் பாலச்சந்திரா. நமக்கு அந்தக் கதை மயான காண்டமாகத் தெரியும். பாம்பு தீண்டிய லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள். காவல் நிற்பவன் கேட்கிறான்: கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. விடிய விடியக் கூத்து பார்க்கும் சனம் உடைந்து அழுவது இந்த இடத்தில்தான். பிள்ளை செத்த இடத்தில் அழுததைவிட, கூலி கேட்ட இடத்தில் அழுவது அதிகம். ஒரு முழம் துணிக்கு அவள் என்ன செய்வாள் என்ற கணக்குதான் நெஞ்சை அறுக்கிறது. இன்றும் நம் ஊர்ச் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல்லில் பாடையை இறக்கித்தான் கொண்டுபோகிறோம். சோகமும் சில்லறையும் ஒரே கல்லில் இருக்கிறது.

லோகிதாசன் ஓடியாடிய பிள்ளை, அதனால் சிதை. கைக்குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம், தகனம் செய்யும் சாதிகளிலும். அப்பனும் இரண்டு ஆளும் துணியில் சுற்றிக் கையிலேயே எடுத்துப் போவார்கள். பாடை கிடையாது, பறை கிடையாது, தாய் வரமாட்டாள். குழியைச் சின்னதாக, ஆனால் ஆழமாக வெட்டி, மேலே கல்லோ முள்ளோ வைப்பார்கள், நாய் நரி தோண்டாதிருக்க. சிசுவுக்குச் சந்தனக்கட்டைச் சிதை அடுக்கிய படங்களும் வந்திருக்கின்றன. அழகாகத்தான் எரிந்தது.

தொட்டில் ஆடாது

அந்தத் தொட்டிலுக்கு வருகிறேன். வெறும் தொட்டிலை ஆட்டாதே என்பது நம் வீடுகளில் விளையாட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கட்டளை. சாவு நடந்த வீட்டில் காலித் தூளியைக் காற்றில் ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்களா? முதல் வேலையாக யாராவது ஒருத்தி அதை அவிழ்த்துவிடுவாள். ஏழை வீட்டுத் தூளி மரத்தொட்டில் அல்ல, பழைய நூல் சேலை. விட்டத்தில் கயிறு, கயிற்றில் சேலையின் இரண்டு தலைப்பும் சேர்ந்த முடிச்சு, இரண்டே நாளானாலும் பிள்ளை கனத்தில் அந்த முடிச்சு இறுகியிருக்கும். நகத்தால் அவிழாது, ஊசியோ ஆணியோ வேண்டும். முன்பும் பிள்ளைகள் கிடந்த வீடானால், கயிறு உரசிய இடத்தில் விட்டத்தில் வழவழப்பாக ஒரு தடம், அதை எடுக்க முடியாது.

அவிழ்த்த சேலையைத் துவைத்துக் காயப்போட்டு அவளே கட்டிக்கொள்வாள். 1921இல் தாராவியில் யாருக்கும் சேலையைத் தூக்கிப் போடும் வசதி இல்லை. முடிச்சு விழுந்த இடம் எத்தனை துவைத்தாலும் நெளிந்தே கிடக்கும். அந்த நெளிவு இடுப்பில் வருமா, முந்தானையில் வருமா என்று உடை பொறுப்பாளர் கவலைப்பட்டால் போதும்.

இனிப் பூ. இந்தக் காட்சிக்குப் பூ ஏற்பாடு செய்வது லேசில்லை. மார்புக்கு ஒரு முழமாக இரண்டு முழம் ஒரு செட். லைட்டுக்கடியில் மூன்று நான்கு மணி நேரத்தில் பழுப்படிக்கும், ஆகவே ஒரு நாள் படப்பிடிப்புக்குப் பல செட் வேண்டும். தாதர் பூ மார்க்கெட்டில் விடியலுக்கு முன்னால் உதிரி மொட்டாக எடையில் வாங்கி, ஈரத்துணி விரித்த பெட்டியில் வைத்து, செட்டிலேயே கோப்பது நல்லது. மேலே தண்ணீர் தெளிக்கக் கூடாது, இதழ் கண்ணாடிபோல் ஆகிக் கறுக்கும். மாட்டுங்காவில் முழம் போட்டு விற்கும் சரத்தை அப்படியே வாங்கினால் பெரும்பாலும் நூலில் கட்டியிருக்கும், கேமரா கிட்டே போனால் மின்னும். வாழைநார் வேண்டும், ஊறவைத்துப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கட்டும்போதே முறியும். மும்பைக்கு வடக்கே இருக்கும் வசாய் வாழைத்தோப்புக்குப் பேர்போன ஊர், அங்கே சொல்லிவைத்தால் நார் கிடைக்கும். கோடையில் மல்லிகை குவியும், மார்கழி தையில் கிடைப்பதே அபூர்வம், விலை எகிறும். கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்று எழுதியவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

கோடை என்றே வைப்போம். கிழவி காலையில் பூ வாங்கப் போகிறாள். மராத்திக்காரி ஒருத்தி தெருவோரம் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். கிழவி இரண்டு விரலைக் காட்டித் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டுகிறாள். பூக்காரி விரல் நுனியிலிருந்து முழங்கைவரை இழுத்து அளக்கிறாள், ஒன்று, இரண்டு. இலையில் சுற்றும்போது, “லக்ன ஆஹே கா?” என்கிறாள். கல்யாணமா? கிழவிக்குத் தெரிந்த மராத்தி நாலு வார்த்தை.

“நாஹி.”

காசை எண்ணி வைக்கிறாள். பூக்காரி சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு கிள்ளு பூவைக் கொசுறாக மேலே போட்டு, தலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டுகிறாள். கிழவி அதை எடுத்துத் திருப்பிக் கூடையில் வைக்கிறாள்.